பெரிய வீட்டு ராகிக் குழி

மூக்கண்டப்பள்ளி
தை மாதம் 28

தங்கவயலில் இருக்கும் தங்கை நாராயணம்மாவுக்கு உன் அண்ணன் கங்கப்பன் தன் கையால் எழுதுவது.

தன் கையால் என்பதை இன்னொரு தடவை படித்துக்கொள். இத்தனை காலமும் என் பேரில் உனக்கு வந்த கடிதங்களை எழுதியதெல்லாம் வேறு ஆட்கள். தபால்காரர் எழுதினார், ரேஷன் கடைக்காரர் எழுதினார், ஊரில் இருந்தபோது பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை எழுதினார். நான் எதிரில் நின்று, "மாடு செத்துப்போச்சுன்னு போடுங்க சாமி" என்பேன். அவர் "இங்கு யாவரும் நலம்" என்று போட்டு ஒட்டிவிடுவார். எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த தடவை பார்த்தபோது நீ மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டாய்.

உன் கண் எப்படி இருக்கிறது? ஆபரேஷன் செய்த கண்ணில் இன்னும் தண்ணீர் வடிகிறதா? போனில் கேட்கலாம் என்றால் உனக்குக் காது கேட்பதில்லை. நான் கத்துவது உன்னைத் தவிர தெருவில் எல்லோருக்கும் கேட்கிறது.

போன வருஷம் எங்கள் தெருக் கோயிலுக்குப் பக்கத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொடுப்பவள் சுகுணா. கம்பெனியில் ஷிப்டு முடித்த களைப்போடு வந்து நிற்பாள். வகுப்பில் எல்லோரும் பெண்கள், ஆம்பளை நான் ஒருத்தன்தான். முதல் நாளே பக்கத்து வீட்டு சாந்தம்மா, "இந்த வயசுல படிச்சு கலெக்டர் ஆவப் போறியா மாமா?" என்றாள். "கலெக்டர் வேலைய நீயே வெச்சுக்கோ, எனக்கு பஸ் போர்டு படிச்சாப் போதும்" என்றேன். பரீட்சை வைத்தார்கள். சாந்தம்மா என் தாளை எட்டி எட்டிப் பார்த்து எழுதினாள். இரண்டு பேரும் பாஸ். என்னை வைத்துக் காப்பாற்றும் பேரன் ஆனந்தராஜ் அன்றைக்குப் பிரியாணி வாங்கி வந்தான்.

இப்போது எதைப் பார்த்தாலும் படிக்கிறேன். மாத்திரை அட்டை, பிஸ்கட் காகிதம், செவுத்து விளம்பரம் எல்லாம். இங்கே சிறுநீர் கழிக்காதே என்று எழுதிய இடத்திலேயே இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல் ராயக்கோட்டை என்று படித்து ஏறினேன். கண்டக்டர், "எங்க போவணும் பெரியவரே, சரியான பஸ்தானா?" என்றான். "வெளிய போர்டு இருக்குது, போய்ப் படிச்சுட்டு வா" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அன்றைக்குப் போனது நம் ஊருக்கு. நீ முகத்தைச் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஊர் முகப்பில் அந்தக் கல் தொட்டி இன்னும் கிடக்கிறது. அதன் பக்கத்தில் நட்ட கல்லும் நிற்கிறது. அந்தக் கல்லில் நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், துண்டு உலர்த்தியிருக்கிறேன். அதில் எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. அன்றைக்கு நின்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். யுத்தகாலப் பஞ்சத்தில் கஞ்சி வார்த்து இவ்வூர் மக்களின் உயிர் காத்த தருமவான் திம்மப்பன் என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் திரும்பும் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், அந்தக் கல் பழசாகிவிட்டதாம். அந்த இடத்தில் பெரிய வளைவு கட்டுகிறார்கள். கட்டுகிறவர் திம்மப்பனின் பேரன் நாராயணப்பன். இங்கே மூக்கண்டப்பள்ளியில் வண்டிக்குச் சாமான் செய்யும் கம்பெனி வைத்திருக்கிறாரே, அவர்தான். ஆனந்தராஜ் அவரிடம்தான் காண்ட்ராக்டில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறான். அந்தக் கஞ்சியைக் குடித்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்தன்தான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டு, "உக்காருங்க தாத்தா" என்றார். அவருடைய அப்பா என்னை டேய் என்றுதான் கூப்பிடுவார். திறப்பு விழாவில் நான் மேடை ஏறி இரண்டு வரி படிக்க வேண்டுமாம். பெரிய எழுத்தில் அச்சடித்தே கொடுத்துவிட்டார். "அய்யா திம்மப்பன் வார்த்த கஞ்சியால் உயிர் பிழைத்தவன் நான். அவர் குடும்பத்துக்கு நானும் என் சந்ததியும் என்றும் நன்றிக் கடன்பட்டவர்கள்." இவ்வளவுதான். தடுக்காமல் படிக்கிறேன்.

ஆனந்தராஜுக்கு ஒரே சந்தோஷம். பங்குனி மாதம் காண்ட்ராக்ட் ஆட்களில் சில பேரை நிரந்தரம் செய்கிறார்களாம். "மொதலாளியே உன்னைப் பத்தி விசாரிக்கறாரு தாத்தா, என் பேரு லிஸ்டுல வந்துரும்" என்கிறான். அவன் பெண்டாட்டி மாதேஸ்வரி எனக்குப் புது வேட்டி எடுத்து வைத்துவிட்டாள். அவர்கள் குழந்தை இன்னும் தவழவில்லை.

நான் படிக்கட்டுமா, வேண்டாமா? எனக்கு அந்த இரண்டாவது வரியைப் படிக்க மனசு வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும் என்றால் பஞ்சத்துக் கதையைச் சொல்ல வேண்டும். நேரில் நான் ஆரம்பிக்கும்போதெல்லாம், "அந்த ஊர்ப் பேச்சு வேணாம்ணா" என்று கையைக் காட்டிவிடுவாய். கடிதத்துக்குக் கை காட்ட முடியாது. ஆனாலும் உன்னைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். ஒரு வரி பதில் போடு.

இப்படிக்கு உன் அண்ணன்
கங்கப்பன்
(கையெழுத்து. கைநாட்டு இல்லை.)


மூக்கண்டப்பள்ளி
மாசி மாதம் 14

அன்புள்ள தங்கை நாராயணம்மாவுக்கு அண்ணன் எழுதுவது.

உன் கார்டு வந்தது. சுகுணாவிடம்கூடக் காட்டவில்லை, நானே படித்தேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், கோழிக்கு இப்போதுதான் கால் முளைத்திருக்கிறது.

இரண்டாவது வரியை இரண்டு தடவை கூட்டிப் படித்தேன். "அப்பா பெரிய வீட்டுக் குழியில் ராகி திருடப் போய்ச் செத்தார், அவர்கள் அதை மனசில் வைத்துக்கொள்ளாமல் நமக்குக் கஞ்சி ஊற்றினார்கள், எனக்குச் சொன்னது இதுதான். இதில் நீ தயங்க என்ன இருக்கிறது? வெட்கப்பட வேண்டியது நாம்தானே?" என்று கேட்டிருக்கிறாய். சின்னம்மா வீட்டில் உன்னை அப்படிச் சொல்லித்தான் வளர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது கிணற்றடியில் பெரிய வீட்டம்மா உன்னைக் காட்டி, "குழியில விழுந்தவன் மவளா இவ?" என்று கேட்டதும், நீ குடத்தை அப்படியே போட்டுவிட்டுப் போனதும் தெரியும். அதற்குப் பிறகு நீ அந்த மண்ணை மிதிக்கவில்லை. பஞ்சத்தின்போது உனக்கு நாலு வயசு, எனக்கு எட்டு. எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் நான் பார்த்தது, மீதி அம்மா சாகப் போகும்போது சொன்னது. முழுக்கச் சொல்கிறேன். பல நாளாகத் துண்டு துண்டாக எழுதினேன். நடுநடுவே பேனா மாறியிருக்கும்.

பஞ்சம் என்றால் மழை இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மழை தவறியது உண்மைதான். அதற்கு முன்பும் தவறியிருக்கிறது, அப்போது ஜனங்கள் இப்படிச் சாகவில்லை என்பாள் அம்மா. அந்தத் தடவை யுத்தம் இருந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. நாம் எந்தக் காலத்தில் பர்மா அரிசி தின்றோம்? நமக்கு ராகிக் களிதான். ஆனால் அந்த அரிசியைத் தின்ற டவுன்காரர்கள் நம் களியைத் தேடி வந்தார்கள். பெங்களூரில் பட்டாளம் கூடாரம் போட்டிருந்தது. அத்தனை பேருக்கும் தீனி வேண்டும். ராயக்கோட்டைக்கு ஒரு சின்ன ரயில் வந்துகொண்டிருந்தது, அந்தத் தண்டவாளத்தையே சண்டைக்கு இரும்பு வேண்டும் என்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். எங்காவது தானியம் மிஞ்சியிருந்தாலும் நம் பக்கம் வர வழி இல்லை. வடக்கே மைசூர் ராஜா எல்லை. தானியம் அந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று சட்டம்.

பிறகு லெவி வந்தது. விளைந்ததில் ஒரு பங்கைச் சர்க்கார் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். ஏழைக் குடியானவன் கொடுத்தான். அவனுக்கு ஒளித்து வைக்க இடமில்லை, பானைக்குள் கையை விட்டால் தெரிந்துவிடும். திம்மப்பனின் பெரிய வீட்டில் ராகிக் குழிகள் இருந்தன. நீ பார்த்திருக்க மாட்டாய். வாய் ஒரு ஆள் நுழையும் அளவுதான், உள்ளே பானை மாதிரி அகன்று இருக்கும். வைக்கோல் பரப்பி ராகியைக் கொட்டி, வாயில் கல்லைப் போட்டு மண்ணால் பூசிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. மேலே மாடு மேயும். கீழே ராகி இருப்பது வீட்டுக்காரருக்கும் குழி இறங்கும் ஆளுக்கும்தான் தெரியும். குழி இறங்கும் ஆள் நம் அப்பா.

விலை நாளுக்கு நாள் ஏறியது. ஏற ஏறத் திம்மப்பன் கல்லைத் திறக்கவே இல்லை. கூலிக்கு ராகி அளப்பதை நிறுத்திவிட்டார். காசாகக் கொடுத்தார். அந்தக் காசைக் கொண்டுபோய் எங்கே கொடுத்தாலும் ராகி இல்லை. நாம் புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்துத் தின்றோம். அது வயிற்றைக் கட்டிப் போட்டுவிடும், நீ வலியில் சுருண்டு கிடப்பாய். பிறகு கீரை. பிறகு கீரையும் இல்லை. நமக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான், உனக்கு அவன் நினைவே இருக்காது. அம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. அவனுக்குப் பெயர் வைக்கும் முன்பே போய்விட்டான். சித்தப்பா சோறு கிடைக்கும் என்று பட்டாளத்தில் சேர்ந்தார், திரும்பி வரவில்லை. வாந்திபேதி வந்து எதிர் வீடு காலியானது. தூக்கிப் போக ஆள் இல்லாமல் அவர்களை வண்டியில் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. லெவிக்காரர்கள் ராயக்கோட்டைக்கு வந்துவிட்டார்கள், மதியத்துக்குள் ஊருக்கு வருவார்கள், தோட்டத்துக் குழியைப் பற்றி யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அதற்குள் அந்தக் குழியைக் காலி செய்து ராகியை மலையடிவாரத்துக்கு மாற்ற வேண்டும் என்றார்கள். அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். கூப்பிட்டுக்கொண்டு போனார்கள், நாராயணம்மா. இதை நம் வீட்டு வாசலில் கிடந்தபடியே நான் பார்த்தேன்.

குழி திறந்தால் உடனே இறங்கக் கூடாது. உள்ளே கெட்ட ஆவி, அதாவது விஷக்காற்று, அடைந்திருக்கும். ஒரு பகல் முழுக்க வாயைத் திறந்து போட்டு, பிறகு கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்க்க வேண்டும். விளக்கு அணையாமல் இருந்தால்தான் ஆள் இறங்குவான். அப்பா இதைச் சொல்லியிருக்கிறார். "நாளைக்கு எறங்கறேன் சாமி, உள்ள ஆவி இருக்குது." அதற்குத் திம்மப்பன், "நாளைக்கு லெவிக்காரன் வாரிட்டுப் போனா உன் அப்பன் வந்து குடுப்பானாடா? எறங்கு, உனக்கு ஒரு மரக்கா ராகி" என்றாராம். வீட்டில் நாம் இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாமல் கிடந்தோம். அப்பா இறங்கினார். ஒரு கூடை மேலே வந்தது. அம்மா அதைத் தலையில் வாங்கிக்கொண்டு நான்கு எட்டு வைத்தாள். அடுத்த கூடைக்குக் கயிறு ஆடவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். கூட இருந்தவர்கள் யாரும் இறங்கவில்லை, அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கொக்கி போட்டுத்தான் எடுத்தார்கள்.

குழி திறந்து கிடக்கிறது, பிணம் கிடக்கிறது, லெவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். திம்மப்பன் புத்திசாலி. ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க என்று இந்த ராகியை ஒதுக்கி வைத்திருந்தேன், இந்தத் திருட்டுப் பயல் பகலிலேயே புகுந்துவிட்டான், சாமி கூலி கொடுத்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அதிகாரி மெச்சினாராம். தருமத்துக்கு என்று ஆகிவிட்டதால் அந்தக் குழிக்கு லெவி இல்லை. மற்ற குழிகளை யாரும் தேடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அன்றைக்குச் சாயங்காலமே கல் தொட்டியில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அம்மாவைக் கூப்பிட்டு, வாயைத் திறந்தால் பிள்ளைகளுக்குத் தொட்டியில் கஞ்சி இல்லை என்றார்கள். அவள் திறக்கவில்லை. அப்பாவைப் புதைத்த மண் காய்வதற்குள் நானும் நீயும் அந்தக் கஞ்சியைக் குடித்தோம். அப்பா கடைசியாக மேலே அனுப்பிய கூடையும் அதில்தான் இருந்தது. ருசியாக இருந்தது, நாராயணம்மா. அதுதான் எனக்கு இன்று வரை பொறுக்கவில்லை.

கஞ்சி கொஞ்ச நாள்தான். படம் பிடிக்க ஆள் வந்து போனதும் தண்ணீர் அதிகமானது, பிறகு நின்றது. மீதிக் குழிகளின் ராகி எல்லை தாண்டிப் போய் நல்ல விலைக்கு விற்றது. இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தங்கவயலில் சுரங்க ஆட்களுக்குக் கம்பெனியே தானியம் கொடுத்தது. சின்னம்மா புருஷனுக்கு அங்கே வேலை. அதனால் உன்னை அங்கே அனுப்பினாள். உன்னை விற்கவில்லை. வழிக்கு என்று ஒரு பிடி ராகி மாவை உன் பாவாடை முனையில் முடிந்துவிட்டாள். எல்லைக் கேட்டில் காவல்காரன் முடிச்சை அவிழ்த்து மாவைக் கொட்டிவிட்டான். பிள்ளை தாண்டலாம், மாவு தாண்டக் கூடாது. ஏன் பிறகு உன்னை அழைத்து வரவில்லை என்று கேட்பாய். "இங்க வந்தா அந்த வூட்டுச் சாணிய அள்ளுவா, அங்க பள்ளிக்கூடம் இருக்குது" என்றாள். நீ படித்தாய். நான் சாணி அள்ளினேன். யாராவது ஒருத்தருக்குப் பலித்ததே.

இதுதான் கதை. விழா பங்குனி முதல் வாரத்தில். அச்சடித்த வரியில் பொய் என்று சொல்ல ஒரு சொல்தான் இருக்கிறது, நன்றி என்பது. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் ஆனந்தராஜுக்கு நிரந்தர வேலை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்பா எனக்கு மட்டும் அப்பா இல்லை. நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன் அண்ணன்
கங்கப்பன்


மூக்கண்டப்பள்ளி
சித்திரை மாதம் 3

என் தங்கை நாராயணம்மாவுக்கு.

விழா முடிந்து இவ்வளவு நாள் ஆகியும் எழுதாததற்குக் கோபிக்காதே. கை எழுத வரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை வேறு எனக்கு வந்திருக்கிறது. அதற்குக் காரணம் கீழே வரும்.

உன் பதிலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். நீ கோபப்படுவாய், வேண்டாம் என்பாய் என்று நினைத்திருந்தேன். நீயோ, "அப்பா திருடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எனக்கு அது போதும். அம்மா யாருக்காக வாயை மூடினாளோ அதே மாதிரி ஒரு குழந்தை உன் வீட்டிலும் இருக்கிறது. படித்துவிட்டு வீட்டுக்குப் போ" என்று எழுதியிருந்தாய். சரி என்று தீர்மானித்தேன். வேட்டி கட்டிக்கொண்டு, ஆனந்தராஜ் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழி நெடுக நான் போர்டுகளைப் படித்துச் சொல்லிக்கொண்டே போக, அவன், "போதும் தாத்தா, வண்டி ஓட்ட வுடு" என்று சிரித்தான்.

வளைவு பெரியதாகத்தான் கட்டியிருக்கிறார்கள். மேலே திம்மப்பன் சிலை, கையில் கரண்டி. ஒலிபெருக்கி, பந்தல், வேலைக்கு லீவு கொடுத்துக் கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிய ஆட்கள். என்னை மேடையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாராயணப்பன் தன் கையாலேயே எனக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்தார். அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தாத்தாவைப் பற்றி அவருக்கு எழுதி வைத்ததுதான் தெரியும்.

எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் பேசினார். கர்ணன் என்றார், வள்ளல் என்றார். நான் பேசாமல் சீட்டை மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சிரித்துக்கொண்டே, "அய்யா கஞ்சிக்குன்னு வெச்சிருந்த ராகியவே திருட ஒருத்தன் குழியில எறங்கினான். போனவன் போனவன்தான். கடவுளே காவல் காத்தாரு பாருங்க" என்றார். பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். கம்பெனி ஆட்களோடு நின்ற ஆனந்தராஜும் சிரித்தான். அவனுக்குத் தெரியாது, பாவம். நான் அவனிடம் சொன்னதில்லை. அவன் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். முதல் வரியைப் படித்தேன். அய்யா திம்மப்பன் வார்த்த கஞ்சியால் உயிர் பிழைத்தவன் நான். ஒரு எழுத்து தடுக்கவில்லை. கை தட்டினார்கள். மைக்கில் என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. அடுத்த வரியைப் படிக்கவில்லை. சீட்டை மடித்துவிட்டு, "குழியில எறங்கினவரு என் அப்பன் பெரியதம்பி. அவுரு திருடப் போவலை. லெவிக்காரன் வர்றான்னு கூட்டிட்டுப் போய் எறக்கினாங்க. ஆவி அடங்கட்டும்னு சொன்னாரு, வுடலை. அந்த ராகியத்தான் எனக்குக் கஞ்சியா ஊத்துனாங்க" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

என்ன நடந்தது தெரியுமா? பின்வரிசையில் சில பேர் கை தட்டினார்கள். கிழவன் ஏதோ உருக்கமாகப் பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓடி வந்து எனக்குச் சால்வை போட்டு, மைக்கை வாங்கிக்கொண்டார். நாதஸ்வரம் வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். வாத்தியார் மட்டும் என்னிடம் குனிந்து, "யோவ், எண்பது வருசத்துக் கதைய யாருய்யா இப்பக் கேட்டா?" என்றார். நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்றேன்.

பிறகு நாராயணப்பன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். முகம் வெளுத்திருந்தது. "இத மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே தாத்தா" என்றார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "வளைவு கட்டாம இருந்திருக்க மாட்டேன். உங்களைக் கூப்பிடாம இருந்திருப்பேன்" என்றார். அந்த வீட்டுக்காரர்கள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உண்மை அதுதான். அதற்காக அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆனந்தராஜ் பைக்கை எங்கும் நிறுத்தாமல் வீட்டுக்கு ஓட்டினான். நிரந்தரம் செய்தவர்களில் அவன் பெயர் இல்லை. மாதக் கடைசியில் காண்ட்ராக்டர், அடுத்த மாதம் ஆள் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டார். யாரும் விழாவைப் பற்றிப் பேசவில்லை. நாராயணப்பனுக்கே இது தெரியுமோ தெரியாதோ. இப்போது ஆனந்தராஜ் தினமும் எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போய் ஒவ்வொரு கம்பெனி கேட்டாக நிற்கிறான். மாதேஸ்வரி குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போகிறாள். விழா முடிந்த நாளிலிருந்து என் வேட்டியை மட்டும் தனியாகத் துவைத்துப் போடுகிறாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவனே கேட்டான். "உன் அப்பனுக்காகப் பேசிட்ட, சரிதான். நானும் அங்க சிரிச்சேன், அது எனக்கு ராவும் பகலும் உறுத்துது. ஆனா என் புள்ளைக்கு யாரு தாத்தா பேசுவாங்க?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

நீ சொன்னதைக் கேட்காமல் போனேன். செய்தது தப்பா சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. அதைப் பற்றி எனக்கே ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தோன்றுகிறது. குழந்தை அழும்போது ஒன்று தோன்றுகிறது, தூங்கும்போது வேறு தோன்றுகிறது. உனக்கும் எனக்கும் இனி எத்தனை நாள்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை வா. ஊருக்குப் போக வேண்டும் என்று இல்லை, இங்கே என்னிடம் வந்து நாலு நாள் இரு. உன் மகனை ஓசூர் வரைக்கும் பஸ் ஏற்றிவிடச் சொல், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். அரிசி, பருப்பு, பணம் என்று எதையும் கொண்டு வராதே. மாதேஸ்வரி கூச்சப்படுவாள். ஆனந்தராஜ் வேலை தேடுகிறான் என்று எழுதியதை வைத்து நீ ஏதாவது நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் ராகி இருக்கிறது. உனக்கும் சேர்த்தே இருக்கிறது. நீ சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டும்.

உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேளைக்கு வேளை வயிறு நிறைந்து வாழட்டும்.

பெரியதம்பி மகன்
கங்கப்பன்